சுடாத கால் வீடு

தீக்குழி ஓரத்தில் அன்று நின்றவர்கள் இவர்கள். கையில் வேப்பிலையோடு பூசாரி. பம்பை அடிக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர். குழியின் அந்தக் கடைசியில், பால் ஊற்றிய பள்ளத்துக்குப் பக்கத்தில், என் அக்கா. அவளுக்குப் பின்னால் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு என் மனைவி. டிராக்டர் மேல் ஏறி நின்று போனை உயர்த்திப் பிடித்தபடி என் மகள். அப்புறம் ஊர். அப்புறம் நான், மஞ்சள் வேட்டியில், காப்புக் கட்டிய கையோடு.

மற்றவர்கள் நெருப்பில் ஓடுவார்கள். ஓடத்தான் வேண்டும். அதுதான் அறிவு. நான் நடப்பேன். கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிறவன் மாதிரி நடப்பேன். என் அப்பாவும் அப்படித்தான் நடந்தார். அதனால் ஊரில் எங்களுக்கு ஒரு பெயர். சுடாத கால் வீடு. திரௌபதி அம்மன் எங்கள் காலுக்கு மட்டும் நெருப்பைப் பூவாக்கித் தருகிறாள் என்பார்கள். நாங்கள் மறுத்ததில்லை. ஓசியில் வருகிற பெருமையை யார் மறுப்பார்கள்.

அந்த வருஷம் நான் பாதிக் குழியில் இருந்தபோது மகள் கத்தினாள்.

"பா, இங்க பாரு! இங்க பாரு!"

நின்றேன். நெருப்பில் நின்றேன். வேட்டி கொஞ்சம் அவிழ்ந்திருந்தது, இழுத்துக் கட்டினேன். போனைப் பார்த்தேன். சிரித்தது ஞாபகமில்லை. வீடியோவில் சிரிக்கிறேன். ஊர் "கோவிந்தா, கோவிந்தா" என்று அலறியது.

பிறகு அந்த வீடியோவை வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கூடி நின்று பார்த்தார்கள். அவர்கள் கோவிந்தா சொல்லவில்லை.

ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் எனக்கு வேலை. படிப்பு ஐந்தாவது. டிரம் ஓட்டுகிறேன். ஆள் உயரத்துக்கு மேலே மரப்பீப்பாய் ஒன்று, அதற்குள் தோலும் தண்ணீரும் மருந்தும் போட்டுச் சுற்றவிடுவது. தரை எப்போதும் ஈரம். அதனால் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ்.

தீமிதி முடிந்த மறுவாரம் ஒரு நாள், மருந்து வைக்கிற ஸ்டோர் ரூமின் சாவியைக் காணோம். காலையிலிருந்து சூப்பர்வைசர் பாய் எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தார். டூப்ளிகேட் சாவிக்கு முதலாளி வீட்டுக்கு ஆள் ஓடினான். நாங்கள் டிரம்முக்கு அடியில், தோல் அடுக்குக்கு நடுவில், சாக்கடை வாயில் எல்லாம் தேடினோம். நான் ரொம்ப அக்கறையாகத் தேடினேன். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பூட்சைக் கழற்றிக் கவிழ்த்தேன். சாவி விழுந்தது.

சாவி மாட்டுகிற ஆணிக்கு நேர் கீழேதான் நான் பூட்ஸ் வைப்பது வழக்கம்.

பாய் சாவியையும் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"இன்னாபா இது? சாவிய கால்ல போட்டு மிதிச்சிக்கினே என் கூட சேந்து தேட்றியே நீ. ஆளா நீ?"

"தெரியல பாய்."

"சாவி இருந்தது தெரியலயா? இல்ல உனக்குக் காலு இருக்கிறதே தெரியலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாய் குனிந்து என் பாதத்தைத் திருப்பினார். சிரிப்பை நிறுத்தினார். சாவியின் பல் தோலில் அப்படியே பதிந்திருந்தது. அது சின்ன விஷயம். அதற்குப் பக்கத்தில், குதிகாலை ஒட்டி, தீமிதியன்று வெந்த இடம் பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு வாரமாக அதன் மேல்தான் நடந்துகொண்டிருக்கிறேன். பார்த்ததில்லை. உள்ளங்காலை யார் பார்க்கிறார்கள். வலித்தால் பார்ப்பார்கள்.

"யா அல்லா. நட டாக்டர் கிட்ட," என்றார்.

எங்கள் பக்கம் காலில் புண் என்றால் சுகர். டாக்டர் சொல்லும் முன்னால் பஸ் கண்டக்டரே சொல்லிவிடுவார். என் மனைவி ரிசல்ட் வரும் வரைக்கும் காத்திருக்கவில்லை. அன்றைக்கே டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். ரிசல்ட் வந்தது. சுகர் இல்லை. சர்க்கரை திரும்ப வரவில்லை.

"இல்லன்னா இன்னா. இனிமேலும் வராம இருக்கட்டும்," என்றாள்.

சுகர் இல்லை என்றதும் ஊர் அடுத்த இடத்துக்குப் போனது. பெருவியாதி. யாரும் வாயால் சொல்லவில்லை. டீக்கடையில் எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ வந்தது. மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். நெருப்பில் நின்று வேட்டி கட்டியவன் இல்லையா, தனியாகக் கவனிக்கிறார்கள் என்று. இரண்டு வாரம் அப்படித்தான் நினைத்துக் குடித்தேன். மகள்தான் விளக்கிச் சொன்னாள்.

தோல் டாக்டரிடம் போனேன். காது மடலில் சுரண்டி எடுத்துப் பார்த்தார். முழங்கையில் நரம்பைத் தடவிப் பார்த்தார். தேமல் இருக்கிறதா என்று உடம்பெல்லாம் தேடினார். தொழுநோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். காகிதத்தை நேராக டீக்கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் படித்தார். "நான் எங்கபா அப்டி நெனச்சேன்? கிளாஸ் கழுவ ஆளு கம்மி. அதான் கப்பு," என்றார். கிளாசில் டீ கொடுத்தார். ஆள் எங்கிருந்து வந்தான் என்று நான் கேட்கவில்லை.

புண் மட்டும் ஆறவில்லை. தோல் டாக்டர்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

அங்கே காலில் கரண்ட் வைத்து நரம்பைப் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் அதற்கு ஐயோ அப்பா என்று துள்ளினார். நான் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கரண்ட் வைத்த பையன், "தைரியமான ஆளு சார் நீங்க," என்றான். தலையை ஆட்டிக்கொண்டேன். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். கரண்டைக் கூட்டினான். மறுபடியும் பார்த்தான். அதற்கு மேல் அவன் என்னைப் பாராட்டவில்லை.

டாக்டர் ஒரு அம்மா. மெதுவாகப் பேசுகிறவர்.

"வலி இருக்குதா ஐயா?"

"இல்ல மேடம்."

"பொய்யி மேடம்," என்றாள் மனைவி. "தூங்கச் சொல்லோ ஒதைக்கிறாரு. என் காலெல்லாம் ஊமக்காயம்."

"அது வலி இல்ல மேடம். சுரீர்னு மின்னல் மாதிரி வரும், போவும். வேற ஒண்ணுமில்ல."

டாக்டர் எழுதிக்கொண்டார். நெருப்பில் நின்றால் வலிக்காது. பாயில் படுத்தால் வலிக்கும். அப்படி ஒரு கால் எனக்கு.

"உங்க வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்குதா?"

"யாருக்கும் இல்ல மேடம். எங்க வீட்ல எல்லாம் தைரியசாலிங்க."

அவர் பேனாவை எடுத்தார். "யார் யார் தைரியசாலி?"

சொன்னேன். அப்பா. குழியில் நடந்தே போவார். கடைசிக் காலத்தில் கால்விரல் இரண்டு போய்விட்டது. தூங்கும்போது எலி கடித்துவிட்டது என்றார்கள். கடித்தபோது அவர் விழிக்கவே இல்லை. அவ்வளவு திடமான மனிதர். பெரியப்பா. முள் தைத்தால் ஊர் சுற்றிவிட்டு வந்து பிடுங்குவார். அக்கா. அடுப்பிலிருந்து கொள்ளி விழுந்தால் வெறுங்காலால் தேய்த்து அணைப்பாள்.

நான் சொல்லச் சொல்ல டாக்டர் காகிதத்தில் ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டு, உள்ளே மையால் அடைத்துக்கொண்டே வந்தார். எங்கள் குலத்து வீரமெல்லாம் கறுப்பாகிக்கொண்டிருந்தது.

"அம்மா?"

"அது பயந்தாங்கொள்ளி மேடம். குழிப் பக்கமே வராது. சாணி அடுப்பு சூட்டுக்கே கத்தும்."

"அவங்களுக்கு ஒண்ணுமில்ல," என்று வட்டத்தை வெறுமையாக விட்டார். பெரியம்மா, சின்னம்மா என்று அந்தப் பக்கத்துப் பயந்தவர்கள் எல்லாருமே தப்பித்தார்கள்.

"பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு மேடம். அப்டியே என்ன மாதிரி."

பெருமையாகத்தான் சொன்னேன். எந்த அப்பனும் சொல்வதுதான். டாக்டரின் பேனா ஒரு வட்டம் போட்டு அதன் மேல் நின்றது. மை அடைக்கவில்லை. வெறுமையாகவும் விடவில்லை. உள்ளே ஒரு கேள்விக்குறி போட்டார். அதுவரைக்கும் நான் என் காலுக்காகத்தான் வந்திருந்தேன்.

என் ரத்தத்தை எடுத்து அனுப்பினார்கள். ரிசல்ட் வந்ததும் டாக்டர் உட்காரவைத்துப் படம் போட்டுச் சொன்னார். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

நரம்புக்குக் கொழுப்பு வேண்டும். ஸ்பிங்கோலிப்பிட் என்று ஒரு வகைக் கொழுப்பு. இந்த வார்த்தையை இப்போது தடங்கலில்லாமல் சொல்வேன். எனக்குத் தெரிந்த ஒரே பெரிய வார்த்தை, அதுவும் என்னைக் கெடுத்த வார்த்தை. அதை உடம்பே செய்துகொள்ளும். செய்வதற்கு ஒரு நொதி. வேலையாள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த வேலையாளை எப்படி உண்டாக்க வேண்டும் என்று எழுதியிருப்பது மரபணு. எங்கள் வீட்டில் அந்த எழுத்தில் ஒன்று மாறிப் போயிருக்கிறது. வேலையாள் எடுக்க வேண்டியது செரின் என்ற பொருள். கிட்டத்தட்ட அதே சாயலில் இன்னொன்று உண்டு, அலனின். எங்கள் ஆள் அவ்வப்போது அதை எடுத்துப் போட்டுவிடுகிறான். வருகிற கொழுப்பு கெட்ட கொழுப்பு. உடம்பால் அதைச் சரியாகக் கரைக்கவும் முடியாது. சேர்ந்து சேர்ந்து நரம்பைச் சாகடிக்கும். நீளமான நரம்பு முதலில் சாகும். காலுக்குப் போவதுதான் நீளமானது.

எனக்கு டிரம்தான் ஞாபகம் வந்தது. தோலுக்கும் கடைசியில் எண்ணெய் ஊட்டுவோம். அப்போதுதான் தோல் பதமாக, மெத்தென்று வரும். நீலக் கேன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தப்பான கேனை ஊற்றினால் தோல் பலகை மாதிரி விறைத்து வரும்.

"எங்க ஆளு தப்பான கேன ஊத்திட்டான் மேடம்."

"கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனா ஒரு நாள் ஊத்தல. நீங்க பிறந்ததிலேர்ந்து ஊத்திட்டிருக்கான். திட்டியும் பிரயோஜனம் இல்ல. அவன் கண்ணு அப்படி."

கம்பெனியில் கேன் மாற்றுகிறவனை நான் பரம்பரையையே இழுத்துத் திட்டுவேன். இங்கேயும் பரம்பரைதான்.

"அப்ப அம்மன் மேடம்?"

"அது என் டிபார்ட்மென்ட் இல்ல ஐயா."

செரின் பொடி ஒன்று எழுதிக் கொடுத்தார். சரியான சரக்கு நிறைய கையருகே இருந்தால் வேலையாள் தப்பானதை எடுப்பது கம்மியாகும் என்று நம்பிக்கை. உதவலாம், உதவாமலும் போகலாம், போன நரம்பு வராது என்றார். தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். நெருப்பு கூடாது. மகளுக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி.

ஊரில் போய் விஷயத்தைச் சொன்னேன். பூசாரிக்குக் கோபம்.

"அப்ப இத்தினி வருசமா எங்களயெல்லாம் ஏமாத்திக்கினு இருந்தியா நீ?"

"நானும் உங்களோட வரிசையில நின்னுதான் ஏமாந்தேன்," என்றேன்.

அக்காவை ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டேன். "எனக்கு எதுக்குடா டெஸ்ட்டு? எனக்குத்தான் வலியே இல்லியே," என்றாள். எவ்வளவு சொல்லியும் அதே பதில். அவளோடு வாதாட முடியாது. என் அக்கா அவள்.

மகள் விஷயம் வேறு. அவள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். அடுத்த தீமிதிக்கு என் பின்னால் இறங்குவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் புடவை வாங்கி பீரோவில் வைத்தாயிற்று. சூடான தோசைக்கல்லை வெறுங்கையால் நகர்த்துவாள். முன்பெல்லாம் அதைப் பார்த்து மீசையைத் தடவுவேன். இப்போது அவள் கல்லைத் தொட்டால் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நானே டெஸ்ட் வைத்தேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் டீ டம்ளரோடு தடுக்கி விழுகிறவன் மாதிரிப் போய், கொஞ்சம் டீயை அவள் கால்மேல் சாய்த்தேன்.

"ஆ! இன்னாபா நீ! கண்ணு தெரியல?"

"சுட்டுச்சா?"

"சுடாம? கொதிக்கிற டீ!"

"நல்லா சுட்டுச்சா?"

"யம்மா, இங்க வந்து இந்தாள பாரு. கால்ல டீய ஊத்திட்டு சிரிக்கிறான் மனுசன்."

சிரித்தேன்தான். அன்றைக்கு இரவு நன்றாகச் சாப்பிட்டேன். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அவங்க வயசுல உங்களுக்கும் சுட்டிருக்கும் ஐயா. இது மெதுவா வர்றது."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். வாஸ்தவம். முதல் முதலில் குழியில் இறங்கிய வருஷம் நான் நடக்கவில்லை. ஓடினேன். எல்லாரையும் விட வேகமாக ஓடி, எனக்கு முன்னால் போனவரை இடித்துத் தள்ளிவிட்டுப் பால் பள்ளத்தில் குதித்தேன். அழுதேன்கூட. அதை ஊர் மறந்துவிட்டது. அதைவிட வசதியாக நான் மறந்துவிட்டேன்.

டெஸ்ட் எடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு, எடு என்று நீங்கள் சொல்லக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் சொல்லவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நாள் பொறுத்தாள்.

"பா, அப்டி பாக்காத. சோறு எறங்க மாட்டேங்குது."

"நான் ஒண்ணும் கேக்கலியே."

"கேக்காம கேட்டுக்கினே இருக்கிற. டெஸ்ட்டு எட்த்துக்கிறேன். வர்றது இன்னான்னு தெரிஞ்சா காலயாவது பாத்துக்கலாம். தாத்தா மாதிரி எலி மேல பழி போட வேணாம்."

ரிசல்ட் சொல்கிற அன்று அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நானும் மனைவியும் வெளியே. அந்தப் பிரிவில் செருப்பை வாசலில் விட வேண்டும். மனைவி உட்கார்ந்து என்னென்னவோ வேண்டிக்கொண்டிருந்தாள். என்னால் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். குழாயடியில் நின்றுகொண்டு தண்ணீர் பிடிக்காமல் திரும்பி வந்தேன். நெருப்பில் நின்ற கால் அந்த வராந்தாவில் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

கதவு திறந்தது. மகள் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் முன்னால் வந்து நின்றாள்.

"இருக்குதாம்பா."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அப்பனாகப் பேசினேன்.

"பயப்படாத."

"நான் எங்க பயந்தேன்? நீதான் என் செருப்ப மாட்டிக்கினு நிக்கிற."

குனிந்து பார்த்தேன். பூ வைத்த லேடீஸ் செருப்பு. குதிகால் முழுக்க வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் அத்தனை முறை குழாயடிக்குப் போய் வந்திருக்கிறேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தரும் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரி, யாருக்கு என்ன கஷ்டமோ என்று விட்டிருப்பார்கள்.

அழுதுகொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து வந்ததில் இருமினாள்.

"மஞ்ச பொடவய அத்தைக்குக் குட்த்துட்றேன்," என்றாள் மகள்.

"வேணாம்டி. அவ அதக் கட்டிக்கினு நேரா நெருப்புல எறங்குவா," என்றாள் மனைவி.

டாக்டர் என்னையும் மகளையும் கால் பார்க்கிற அறைக்கு அனுப்பினார். இனிமேல் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வர வேண்டும், இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் எழுதி வைக்க வேண்டும் என்றார். மரபணு இருப்பது வேறு, நரம்பு கெட்டிருப்பது வேறு, இரண்டாவதை இப்போதுதான் பார்க்கப்போகிறோம் என்றார்.

அங்கே ஒரு சிஸ்டர். கையில் மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் நூல், ஒரு பிடியில் செருகியது. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நூலைப் பாதத்தில் வைத்து வளையும் வரை அழுத்துவார். தெரிந்தால் ம் என்று சொல்ல வேண்டும். ஒரு காலுக்குப் பத்து இடம்.

முதலில் நான். கண்ணை மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரம்தான் ஒரு அப்பன் சும்மா கிடப்பது. "ம்," என்றேன். கொஞ்சம் விட்டு இன்னொரு "ம்".

"ஐயா, நான் இன்னும் தொடவே இல்ல," என்றார் சிஸ்டர்.

மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அதற்குப் பிறகு நேர்மையாகப் படுத்திருந்தேன். என் கணக்கு சொல்லும்படி இல்லை.

அடுத்து அவள். கட்டிலில் ஏறிக் காலை நீட்டினாள். கண்ணை மூடினாள். மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் வலது கால் பெருவிரலில் நூலை வைத்தார். நூல் வளைந்தது.

"ம்."

நடுவிரல். சுண்டுவிரல். விரலுக்குக் கீழே. நடுப்பாதம். குதிகால். சிஸ்டர் அவசரப்படவில்லை. சில இடத்தில் வேண்டுமென்றே தொடாமல் காத்திருந்தார். அப்போது அவள் வாயைத் திறக்கவில்லை. தொட்டால் சொன்னாள். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். வலது கால் முடிந்தது. இடது கால் ஆரம்பித்தது. கை விரல் தீர்ந்துபோய் மறுபடியும் முதலிலிருந்து மடக்கினேன்.

சிஸ்டர் நூலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

இருபதுக்கு இருபது.